‘நரம்பு மாத்திரை’, ‘தூக்க மாத்திரை’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்தாளுநராக வேலை செய்கிறேன். இப்போது இருப்பது ஒரு பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள மருந்துக்கடையில். காய்ச்சல் மாத்திரையைப் பற்றி யாரும் சத்தமாகவே கேட்பார்கள். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் மருத்துவர் எழுதித்தரும் மாத்திரை என்றால் மட்டும், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். அப்படிக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இது பொது விளக்கம். உங்கள் அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ உங்களைப் பார்க்கும் மருத்துவரோடு சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

டாக்டர் நரம்புக்கு என்று ஒரு மாத்திரை தந்தார். அது பழகிவிடும் வகையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். அதை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். அல்பிரசோலம், குளோனசெபம், லோரசெபம், டயசெபம், நைட்ரசெபம், குளோர்டயசெபாக்சைடு ஆகிய எல்லாம் பென்சோடயசெபீன் என்ற ஒரே குடும்பம். பெரும்பாலும் ‘சோலம்’ அல்லது ‘செபம்’ என்று முடியும். எட்டிசோலம் இதற்கு மிக நெருங்கிய உறவு. தூக்கத்துக்குத் தரப்படும் சோல்பிடெம் வேறு அமைப்புக் கொண்டது என்றாலும் மூளையில் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் வேலை செய்கிறது.

கூட்டு மாத்திரைகளில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மனச்சோர்வுக்கான எஸ்சிட்டாலோபிராமுடன் குளோனசெபம் சேர்த்த மாத்திரை நம் ஊரில் மிகச் சாதாரணமாக எழுதப்படுகிறது. வயிற்று வலிக்கும் குடல் எரிச்சலுக்கும் தரப்படும் சில மாத்திரைகளில் கிளிடினியம் என்ற குடல் மருந்தோடு குளோர்டயசெபாக்சைடு இருக்கும். ஓர் ஆசிரியை இரண்டு ஆண்டுகளாக வயிற்றுப் பொருமலுக்கு அப்படி ஒன்றை மூன்று வேளையும் போட்டுவந்தார். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனபோது எடுத்துச்செல்ல மறந்துவிட்டார். இரண்டு இரவுகள் தூங்கவில்லை, கை நடுங்கியது. கண்ணாடியைக் கழற்றி அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தபோது, “நான் மனநல மாத்திரையே தொட்டதில்லையே” என்றார். வயிற்று மாத்திரை என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இது உடம்புக்குள் போய் என்னதான் செய்கிறது?

மூளையில் காபா என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. நரம்பணுக்களின் பரபரப்பை அடக்குவது அதன் வேலை. இந்த மாத்திரைகள் புதிதாகக் காபாவை உண்டாக்குவதில்லை. இருக்கும் காபாவின் வேகத்தைக் கூட்டிவிடுகின்றன. அதனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சுப் படபடப்பு அடங்கி, தோள் தளர்ந்து, கண் சொருகுகிறது. வலிப்பையும் இதே வழியில்தான் அடக்குகிறது.

ரோஷ் மருந்து நிறுவனத்தில் வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்த லிப்ரியம் (குளோர்டயசெபாக்சைடு) 1960இலும், வேலியம் (டயசெபம்) 1963இலும் விற்பனைக்கு வந்தன. அதுவரை இருந்த பார்பிட்யூரேட் மாத்திரைகள் கொஞ்சம் கூடினாலே மூச்சை நிறுத்திவிடும் என்பதால், புதியவற்றை உலகமே ஆசுவாசத்தோடு வரவேற்றது. பழகிவிடும் என்பது பிறகுதான் உறைத்தது. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் தர வேண்டாம் என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988இல் அறிவுறுத்தியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல், தவறான பயன்பாடு, உடல் சார்பு, நிறுத்தும்போது வரும் பாதிப்புகள் ஆகியவை பற்றித் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை இந்தக் குடும்பம் முழுவதற்கும் சேர்த்தது.

டாக்டர் எழுதியதைத்தானே போடுகிறேன்? அது எப்படிப் பழக்கமாகும்?

சீட்டில் இருப்பதால் போடுகிறோமா, தெருவில் வாங்கிப் போடுகிறோமா என்பது மூளைக்குத் தெரியாது. தினமும் வெளியிலிருந்து உதவி வந்தால், மூளை தன் சொந்த அடக்கும் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொள்கிறது. சில வாரங்களிலேயே இது தொடங்கிவிடலாம். அதன் பிறகு மாத்திரை இல்லாவிட்டால் உடம்பு தவிக்கும். இதற்கு உடல் சார்பு என்று பெயர். மருத்துவர் சொன்னதை ஒரு நாள் தவறாமல் கேட்ட ஒழுங்கான நோயாளிக்கும் இது வரும். ஒழுங்கானவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு, அவர்கள்தான் ஒரு வேளையும் விடுவதில்லை.

அடிமைப்படுதல் வேறு. சொன்ன அளவுக்கு மேல் போடுவது, மயக்கத்துக்காகவே போடுவது, இரண்டு மூன்று இடங்களில் சீட்டு வாங்குவது, வேலையும் வீடும் பாழானாலும் விட முடியாமல் இருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் எத்தனையோ பேர் அவமானத்தில் வாய்திறக்காமல் இருக்கிறார்கள். அது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

என் அம்மா பத்து வருடமாக இரவில் ஒரே ஒரு 0.25 மி.கி. மாத்திரை போடுகிறார். ஒருநாளும் கூட்டியதில்லை. அவரும் அடிமையா?

இல்லை. முந்தைய பதிலில் சொன்ன முதல் வகை அவர். ஆனாலும் வயது ஏற ஏற இந்த மாத்திரையின் பாரம் கூடுகிறது. முதியவர்களின் உடம்பிலிருந்து இது மெதுவாகவே வெளியேறும். இரவில் கழிவறைக்கு எழும்போது தள்ளாட்டம், விழுந்து இடுப்பெலும்பு முறிவு, பகலில் மந்தம், மறதி எல்லாம் வரலாம். ‘அம்மாவுக்கு மறதி நோய் ஆரம்பித்துவிட்டது’ என்று சொல்லும் பிள்ளைகளிடம், அவர் சுருக்குப்பையில் என்ன அட்டை இருக்கிறது என்று பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். மறதிக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. இது அவற்றுள் சரிசெய்யக்கூடிய ஒன்று.

பத்து வருடப் பழக்கம் என்பதற்காக விட்டுவிட வேண்டியதில்லை; வயதானவர்களும் மெதுவாகக் குறைத்து நன்றாக இருக்கிறார்கள். நீங்களாக ஒளித்துவைத்துவிடாதீர்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

முன்பு பாதி போட்டாலே போதும். இப்போது ஒன்று போட்டும் படபடப்பு அடங்கவில்லை. இன்னொன்று சேர்க்கலாமா?

வேண்டாம். மூளை பழகிக்கொண்டதால் அதே அளவு பலன் தரவில்லை. தூக்கம் தரும் பலன் முதலில் மங்கும். கூட்டினால் சில வாரங்கள் நன்றாக இருக்கும், பிறகு அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

அல்பிரசோலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அது வேகமாக ஏறி, வேகமாக இறங்கும். அடுத்த வேளைக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும். மாத்திரை போட்டதும் அடங்கும். நோய் முற்றிவிட்டது, மாத்திரை இல்லாமல் முடியாது என்று போடுபவர் நினைப்பார். பல நேரங்களில் அந்தப் படபடப்பு, முந்தைய வேளை மாத்திரை இறங்குவதால் வருவது.

‘அரை மி.கி. தானே, சின்ன மாத்திரை’ என்பார்கள். பல ஒப்பீட்டு அட்டவணைகள் 0.5 மி.கி. அல்பிரசோலத்தை ஏறத்தாழ 10 மி.கி. டயசெபத்துக்கு ஈடாக வைக்கின்றன.

போதும். நாளையிலிருந்து அடியோடு நிறுத்திவிடுகிறேன். மன உறுதி இருந்தால் முடியாதா?

இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். தினமும் போட்டுவந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இதில் மன உறுதிக்கு வேலையே இல்லை. அடக்கி வைத்திருந்த கை சட்டென்று எடுக்கப்பட்டதும் மூளை கட்டுக்கடங்காமல் துடிக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் கடைக்கு வரும் ஒருவர், சரக்கு வாகன ஓட்டுநர், நான்கு ஆண்டுகளாக அல்பிரசோலம் மூன்று வேளை போட்டுவந்தார். கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டார். விரத காலத்தில் போதை எதுவும் கூடாது என்று பீடியையும் மாத்திரையையும் ஒரே நாளில் விட்டார். மூன்றாம் நாள் அதிகாலை, பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தவர், திண்ணையில் வலிப்பு வந்து விழுந்தார். பூஜையில் குறை நேர்ந்துவிட்டது என்று வீட்டில் எலுமிச்சம்பழம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அண்டை வீட்டுப் பையன்தான் 108ஐ அழைத்தான். அவர் பிழைத்தார். மாத்திரையையும் விட்டார், ஒன்பது மாதங்கள் எடுத்துக்கொண்டு.

அல்பிரசோலம், லோரசெபம் போன்றவற்றில் ஓரிரு நாளிலேயே தொல்லை தொடங்கும். டயசெபம் போன்றவை உடம்பில் நெடுநாள் தங்குவதால் ஒரு வாரம்கூடக் கழித்துத் தொடங்கலாம். ‘நிறுத்தி நான்கு நாளாகிறது, ஒன்றும் ஆகவில்லையே’ என்று அதனால்தான் நிம்மதி அடையக் கூடாது.

அப்படியானால் எப்படித்தான் குறைப்பது?

மெதுவாக. அமெரிக்காவின் அடிமைமீட்பு மருத்துவச் சங்கமும் வேறு பல மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைத்துத் தொடங்கலாம் என்கிறது. இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒவ்வொரு முறையும் அப்போதைய அளவிலிருந்து கணக்கிட வேண்டும். அதாவது போகப்போகக் குறைக்கும் துண்டும் சிறியதாகிக்கொண்டே போகும். கடைசிப் பகுதிதான் கடினம்; பலர் அங்கே அவசரப்பட்டு விழுகிறார்கள்.

பத்து சதவீதம் என்பது சமையலறைக் கத்தியால் நறுக்கி எட்டக்கூடிய கணக்கல்ல. அதனால் சில மருத்துவர்கள், மெதுவாக இறங்கும் டயசெபத்துக்கு மாற்றி, 10, 5, 2 மி.கி. மாத்திரைகளைக் கொண்டு படிப்படியாக இறக்குவார்கள். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு சிகிச்சை மையம் நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் பரவலாக்கிய முறை அது. நோயாளியின் உடம்பு சொல்லும் வேகத்தில்தான் போக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எல்லோருக்கும் மாற்றம் தேவையில்லை. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் டயசெபம் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். ஏற்கெனவே வலிப்பு வந்தவர், அதிக அளவு போடுபவர், குடியும் சேர்ந்திருப்பவர் ஆகியோர் மருத்துவமனையில் தங்கிக் குறைப்பதே நல்லது.

வீட்டில் செய்யும் இரண்டு தவறுகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது. அது குறைப்பதே இல்லை, ஒவ்வொரு இரண்டாம் நாளும் உடம்பைப் பட்டினி போடுவது. இன்னொன்று, நீண்ட நேரம் வேலை செய்யும்படி தயாரித்த மாத்திரையை உடைப்பது. உடைத்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் ஏறும்.

மேலே சொன்ன ஓட்டுநர், தினசரி நாட்காட்டியின் தாள்களைக் கிழித்து எறியாமல், ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலால் எழுதிவைத்தார்: “கால், அரை. தூக்கம் 4 மணி. கை நடுக்கம் இல்லை.” ரப்பர் வளையம் போட்ட அந்தக் கட்டை மருத்துவரிடம் கொண்டுபோவார். அடுத்து எவ்வளவு குறைக்கலாம் என்பதை அந்தத் தாள்களைப் பார்த்தே முடிவு செய்தார்கள்.

குறைக்க ஆரம்பித்ததும் பழைய பயம் இரண்டு மடங்காக வந்துவிட்டது. எனக்கு இந்த மாத்திரை வேண்டும் என்றுதானே அர்த்தம்?

அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வராதீர்கள். குறைத்த சில நாட்களில் வந்து, இரண்டு மூன்று வாரங்களில் தணிந்தால் அது பெரும்பாலும் விலகல் தொல்லை, அதாவது மருந்து குறைவதால் உடம்பு தவிப்பது. முன்பு உங்களுக்கு இல்லாத குறிகள் வந்தாலும் அப்படியே: சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போவது, தோலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, தசை துடிப்பு, வியர்வை. பழைய நோய் திரும்புவது பொதுவாக மெதுவாக வரும், பழைய முகத்தோடு வரும், தானாகத் தணியாது.

தொல்லை தாங்கவில்லை என்றால் அந்தப் படியிலேயே இன்னும் சில வாரம் நில்லுங்கள். நிற்பது தோல்வி இல்லை.

மாத்திரை வேண்டாம் என்றால் என் பயத்துக்கு வேறு என்ன வழி?

பதற்ற நோய்க்கு முதல் நிலை மருந்து இன்று எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் போன்றவை. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும் என்பதால், அந்த இடைவெளியைக் கடக்கப் பென்சோடயசெபீனைக் கொஞ்ச நாள் சேர்த்துத் தருவார்கள். கொஞ்ச நாள் என்பது சீட்டில் எழுதப்படாமல், அதே சீட்டு ஆண்டுக்கணக்கில் கடைக்கு வருவதுதான் நம் ஊரில் நடக்கிறது. முதல் சீட்டை வாங்கும்போதே “இதை எப்போது நிறுத்துவோம்?” என்று கேட்டுவிடுங்கள். மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எஸ்சிட்டாலோபிராம் வகைக்கு இதே மாதிரி ஏக்கம் வருவதில்லை என்றாலும், அதையும் சட்டென நிறுத்தக் கூடாது.

எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் நன்றாக வேலை செய்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

பழைய சீட்டு இருக்கிறது. ஒரு அட்டை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அல்பிரசோலம், டயசெபம், நைட்ரசெபம், சோல்பிடெம் போன்றவை 2014 மார்ச் 1 முதல், விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்1 என்ற மருந்து அட்டவணையில் இருக்கின்றன. விற்றால் தனிப் பதிவேட்டில் மருத்துவர், நோயாளி, மருந்து, எண்ணிக்கை எல்லாம் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இந்தக் குடும்பத்தின் பல மருந்துகள் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழும் வருகின்றன.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெரிந்த முகம் என்று ஒரு பெரியவருக்கு மாதாமாதம் சீட்டில்லாமல் கொடுத்தேன். வேறு இரண்டு கடைகளிலும் அவர் அதையே வாங்கியது, அவர் படியில் உருண்டு விழுந்து கிடந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது சீட்டில்லாமல் யார் வந்தாலும் தருவதில்லை. ஆனால் மாத்திரை தீர்ந்து தவிப்பவரை வெறுங்கையோடு விரட்டவும் கூடாது. இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் என்ன போடுகிறீர்கள், எத்தனை நாளாக என்று சொல்லுங்கள் என்று அனுப்புகிறேன். முடிந்தால் அதை ஒரு தாளில் எழுதியும் கொடுக்கிறேன்.

மாத்திரை போட்ட அன்று கொஞ்சம் குடித்தால்? இருமல் மருந்து, வலி மாத்திரை?

மது கூடவே கூடாது. இரண்டும் மூச்சு மையத்தை அடக்குபவை. தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால், டாபென்டடால் போன்ற வலி மருந்துகளோடும் இதே ஆபத்து. வேறு எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவராக இருந்தாலும், இந்த மாத்திரை போடுவதைச் சொல்லிவிடுங்கள்.

பரீட்சைக்குப் பயப்படும் தங்கைக்கு என்னுடையதில் பாதி கொடுக்கலாமா?

கூடாது. படித்தது மனதில் பதிவதையே இது கெடுக்கும். உங்களுக்குப் பழகிய அளவு அவளுக்கு மயக்க அளவாகவும் இருக்கலாம்.

கர்ப்பம் என்று நேற்றுதான் தெரிந்தது. உடனே நிறுத்திவிடவா?

திடீரென நிறுத்தாதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான், இப்போது அது இரண்டு உயிர்களுக்கு. பேறுகால மருத்துவரையும் மனநல மருத்துவரையும் இந்த வாரமே பாருங்கள். கடைசி மாதங்களில் தொடர்ந்து போட்டால் பிறக்கும் குழந்தை துவண்டு போயிருக்கலாம், பால் குடிக்கச் சிரமப்படலாம், விலகல் தொல்லை வரலாம். குறைக்கும் திட்டத்தை முன்கூட்டியே போட்டால் கைகொடுக்கும்.

என் கணவர் இரண்டு டாக்டர்களிடம் சீட்டு வாங்கி ஒரு நாளைக்கு ஆறு ஏழு போடுகிறார். கேட்டால் சண்டை. அட்டைகளைக் குப்பையில் போட்டுவிடட்டுமா?

உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஆறு ஏழு போடுபவரிடமிருந்து ஒரே நாளில் பறித்தால் அந்த ஓட்டுநருக்கு நேர்ந்தது இவருக்கும் நேரலாம். முதலில் எண்ணுங்கள்: என்ன பெயர், எத்தனை மி.கி., நாளுக்கு எத்தனை. அந்தத் தாளோடு, அவர் வராவிட்டாலும், நீங்கள் மட்டும் போய் மனநல மருத்துவரைப் பாருங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446.

அவரிடம் பேசுவதற்கு, மாத்திரை இறங்கி நடுங்கும் நேரமும் போட்டுத் தள்ளாடும் நேரமும் வேண்டாம். “விட்டுவிடு” என்பதைவிட “எதற்காக முதலில் ஆரம்பித்தாய், நினைவிருக்கிறதா?” என்று கேட்டபோது வாய்திறந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முதல் காரணம், தூங்காத இரவோ கடனோ இழவோ, பெரும்பாலும் இன்னும் அப்படியேதான் இருக்கும்.

நிறைய விழுங்கிவிட்டார் என்று சந்தேகம். என்ன செய்வது?

108ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மோர், உப்புத் தண்ணீர் எதுவும் புகட்டாதீர்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். காலி அட்டைகளை எல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு போங்கள். எவ்வளவு காலமாகத் தினமும் போடுகிறார் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். இந்த மாத்திரைகளின் வேலையை முறிக்கும் ஃபுளூமாசெனில் என்ற மருந்து, பழகிய உடம்பில் வலிப்பை உண்டாக்கிவிடலாம் என்பதால் மருத்துவருக்கு அந்தத் தகவல் வேண்டும். உயிரை விடும் எண்ணம் இருப்பவர் என்றால், பிழைத்து வந்த பிறகும் மாத்திரை அவர் கைக்கு எட்டக் கூடாது, அவரும் தனியாக இருக்கக் கூடாது.

நிறுத்தி முடித்தாகிவிட்டது. மீதி பன்னிரண்டு மாத்திரை பீரோவில் இருக்கிறது. அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

மருத்துவர் வைத்துக்கொள்ளச் சொன்னாலன்றி வேண்டாம். நிறுத்திய பிறகு ஒரு மோசமான இரவு வரும், அப்போது பீரோ மிகப் பக்கத்தில் இருக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அது இன்னொரு காரணம். அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய டீத்தூளிலோ மண்ணிலோ குழைத்து, பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். முழு அட்டையாக எறிந்தால் குப்பை பொறுக்குபவர் கையிலோ தெருக் குழந்தையின் கையிலோ அது போய்ச் சேரும். பழைய மருந்துச் சீட்டையும் கிழித்துவிடுங்கள். குறைத்த நாட்களை எழுதிய தாள்களை மட்டும் வைத்திருங்கள். என்றாவது ஒரு மருத்துவர் மறுபடி இதே குடும்பத்து மருந்தை எழுத நினைத்தால், அவரிடம் காட்ட உதவும்.